இரு சிறு சொற்களும் ரங்கூன் தமிழரும்

புலம்பெயர்ந்து வந்த நாடுகளில் எம்மவர் ஆங்கிலம் கற்கும் முறையைச் சற்று உற்று நோக்கினால் ஒரு குறை தெளிவாகப் புலப்படும். பெயர்ச்சொற்களை நாம் பட்டியலிட்டு மனனம் செய்கிறோம். வினைச்சொற்களின் முக்கால வடிவங்களையும் தடையின்றி ஒப்புவிக்கிறோம். உச்சரிப்புக் குறித்துத் தேவைக்கு அதிகமாகவே கூச்சப்படுகிறோம். ஆயின் ஒரு கருத்தை மற்றொரு கருத்தோடு பிணைக்கும் சிறு சொற்களை, அதாவது 'அண்ட்', 'ஓர்', 'பட்', 'பிக்கோஸ்', 'ஓல்தோ', 'அன்லெஸ்' என்பனவற்றை, எவரும் பொருட்படுத்துவதில்லை. அவை எளியவை, பள்ளியின் கீழ் வகுப்புகளிலேயே படித்து முடித்தவை என்னும் எண்ணம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. எமது வாழ்வை நிர்ணயிக்கும் பத்திரங்களிலோ, நீண்ட பெரிய சொற்களைக் காட்டிலும் இச்சிறு சொற்களே பல வேளைகளில் முடிவைத் தீர்மானிக்கின்றன. எமக்கு முன்னரே ஒரு நாட்டில் வேரூன்றி, பின்னர் அங்கிருந்து அகதிகளாக வெளியேறிய தமிழர் கூட்டம் ஒன்றின் வரலாறு இதனை நன்கு காட்டுகிறது. அவர்கள் பர்மாத் தமிழர்.

இன்று யாங்கோன் என அழைக்கப்படும் ரங்கூன் மாநகரம் ஒரு காலத்தில் பாதிக்கு மேல் இந்தியர் வாழ்ந்த நகரம். 1931 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் அந்நகரின் நான்கு இலட்சம் மக்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியராகவே பதிவாகினர். அவர்களுள் தமிழர் கணிசமானோர். செட்டிநாட்டு இலேவாதேவிக்காரர் முதல் அரிசி ஆலைக் கூலியாள், துறைமுகத் தொழிலாளி, கந்தோர் எழுதுவினைஞர் வரை எல்லாத் தரத்தினரும் அங்கு இருந்தனர். முன்னர் பிரேசர் வீதி எனப்பட்ட இன்றைய அனவ்ரத்தா வீதியில் காளி கோயில் கோபுரம் இப்பொழுதும் நிற்கிறது. 1941 டிசெம்பரில் யப்பானியக் குண்டுகள் ரங்கூன்மீது விழத் தொடங்கியதும் இலட்சக்கணக்கானோர் கடல் வழியாகவும், அரக்கான், மணிப்பூர், அசாம் காடுகளின் ஊடாகக் கால்நடையாகவும் இந்தியாவை நோக்கி ஓடினர். வழியில் நோயாலும் பசியாலும் இறந்தோர் பல்லாயிரவர். யுத்தம் முடிந்தபின் அவர்களில் ஒரு பகுதியினர் ரங்கூனுக்கே திரும்பி வந்தனர். அவர்கள் திரும்பி வந்த சிறிது காலத்திலேயே பர்மா சுதந்திர நாடாயிற்று.

1947 செப்டெம்பர் 24 ஆம் நாள் அந்நாட்டின் அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட யாப்பின் 11 ஆவது பிரிவு, யார் பர்மியப் பிரசை என்பதை வரையறுத்தது. அதன் முதல் மூன்று உட்பிரிவுகளும் பெரும்பாலும் சுதேச இனத்தவரையும் அவர் வழிவந்தோரையும் பற்றியவை. நான்காவது உட்பிரிவே எம்மவரைத் தொட்டது. அதன் ஆங்கில வாசகம் ஒரே நீண்ட வாக்கியம். முற்றுப்புள்ளி இறுதியில் மட்டுமே உண்டு. அவ்வாக்கியத்தை அதன் மூட்டுகளில் பிரித்துப் பார்ப்போம்.

பிறந்த வேளையில் பிரித்தானிய மன்னரின் ஆள்புலத்துள் அடங்கியிருந்த ஏதேனும் நிலப்பகுதியில் ஒருவர் பிறந்திருக்க வேண்டும். 'அண்ட்', யாப்பு நடைமுறைக்கு வரும் நாளுக்கு முந்திய பத்து ஆண்டுகளில் எட்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் பர்மாவில் வசித்திருக்க வேண்டும், 'ஓர்', 1942 ஜனவரி 1 ஆம் நாளுக்கு முந்திய பத்து ஆண்டுகளில் அவ்வாறு வசித்திருக்க வேண்டும். 'அண்ட்', அங்கேயே நிரந்தரமாக வாழும் எண்ணம் உடையவராக இருக்க வேண்டும். 'அண்ட்', சட்டம் விதிக்கும் முறைப்படியும் விதிக்கும் காலத்துக்குள்ளும் தாம் பர்மியப் பிரசாவுரிமையைத் தெரிவு செய்வதாக அறிவிக்க வேண்டும். இவ்வளவும் நிறைவேறினால் அவர் பிரசை.

இவ்வாக்கியத்தில் உள்ள அந்த ஒரேயொரு 'ஓர்' எத்துணை பெறுமதி வாய்ந்தது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். தஞ்சாவூரிலிருந்து 1930 இல் ரங்கூன் சென்று அரிசி ஆலையில் வேலை செய்த ஒருவர், 1942 பெப்ரவரியில் காட்டு வழியே ஓடி, 1946 இன் தொடக்கத்தில் திரும்பி வந்தார் எனக் கொள்வோம். யாப்பு நடைமுறைக்கு வந்த 1948 ஜனவரி 4 ஆம் நாளிலிருந்து பின்னோக்கிப் பத்து ஆண்டுகளை எண்ணினால், அவர் பர்மாவில் இருந்தது ஓடுவதற்கு முன் நான்கு ஆண்டுகளும் சொற்ப நாட்களும், திரும்பிய பின் இரண்டு ஆண்டுகளும் மட்டுமே. எட்டு ஆண்டு நிறையவில்லை. எனவே முதற் கணக்கில் அவர் தோற்றுவிடுகிறார். ஆனால் 1942 ஜனவரி 1 இலிருந்து பின்னோக்கி எண்ணினால் பத்து ஆண்டுகளும் முழுமையாக உண்டு. இரண்டில் ஒன்று போதும் என்று அந்த 'ஓர்' சொல்வதால் அவர் தப்பிவிடுகிறார். அவ்விடத்தில் 'அண்ட்' நின்றிருக்குமாயின், யுத்தத்துக்கு அஞ்சி ஓடித் திரும்பிய அத்தனை பேரும் ஒரே சொல்லால் விலக்கப்பட்டிருப்பர். யாப்பை வரைந்தோரில் எவரோ ஒருவர் அந்த நீண்ட நடையை நினைவிற் கொண்டிருந்தார் என்றே நாம் கருதுகிறோம். ('ஓர்' என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது அது 'ஒன்று' என்னும் பொருள் தரும் எமது சொல்லோடு மயங்குகிறது. மயங்கினாலும் குற்றமில்லை. ஒன்று போதும் என்பதே ஆங்கிலச் சொல்லின் பொருளும்.)

எனினும் அந்த 'ஓர்' திறந்துவிட்ட கதவைப் பின்னால் வந்த 'அண்ட்' மூடியது. எட்டு ஆண்டுகள் அல்ல, முப்பது ஆண்டுகள் ரங்கூனில் வாழ்ந்தவரும், அங்கேயே பிறந்தவரும், விதித்த முறையில் விதித்த காலத்துக்குள் விண்ணப்பித்து அறிவிக்கவில்லையெனில் இப்பிரிவின்கீழ் பிரசையாக முடியாது. முறையும் காலமும் என்பதிலும் ஓர் 'அண்ட்' உறைந்துள்ளமையைக் கவனிக்க வேண்டும். சரியான படிவத்தைக் காலம் கடந்து கொடுத்தவரும் தோற்றார், பிழையான படிவத்தைக் காலத்துக்குள் கொடுத்தவரும் தோற்றார். பிறந்தால் போதும், நெடுங்காலம் வாழ்ந்தால் போதும், மனத்தில் எண்ணம் இருந்தால் போதும் என்று நினைத்திருந்தோர் பலர். அவர்கள் அந்நிபந்தனைகளை 'ஓர்' கொண்டு இணைத்து விளங்கிக்கொண்டார்கள் என்று சொல்லலாம். சட்டமோ அவற்றை 'அண்ட்' கொண்டு இணைத்திருந்தது.

அறியாமை ஒன்றே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. ஊரிலே காணியும் உறவும் உள்ளவர் இந்தியத் தொடர்பை இழக்க அஞ்சினார். புதிய அரசு நிலைக்குமா என்ற ஐயமும் பலருக்கு இருந்தது. விண்ணப்பித்தும் ஆண்டுக்கணக்கில் பதில் கிடையாமற் காத்திருந்தோரும் உளர். ஆனால் ஆங்கிலம் அறியாத ஆலைத் தொழிலாளி ஒருவர் தமது உரிமை எந்தச் சொல்லில் தொங்குகிறது என்பதை அறிய வேறொருவரின் வாயையே பார்த்திருக்க வேண்டியிருந்தது என்பதை எவரும் மறுக்க இயலாது. அவ்வேறொருவர் 'அண்ட்' என்பதை எவ்வாறு தமிழ்ப்படுத்தினாரோ, அவ்வாறே அக்குடும்பத்தின் மூன்று தலைமுறை அமைந்தது.

1948 ஆம் ஆண்டின் ஒன்றியப் பிரசாவுரிமைச் சட்டத்தில் வேறொரு வழியும் இருந்தது. அதன் 4 ஆவது பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, குறைந்தது இரண்டு தலைமுறையாகப் பர்மாவை நிரந்தர வாழிடமாகக் கொண்ட முன்னோரின் வழிவந்தவரைப் பிரசையாகக் கருதலாம் என்றது. கேட்பதற்கு இது தாராளமாகவே தோன்றும். ஆனால் உடனே ஓர் 'அண்ட்' வருகிறது. அவருடைய பெற்றோரும் அவரும் பர்மாவிலேயே பிறந்திருக்க வேண்டும். ரங்கூனில் பாட்டன் கடை வைத்திருந்தும், தாய் பேறுகாலத்துக்காகத் தன் தாய்வீடு சென்று அங்கு பிறந்த பிள்ளையாயிருந்தால், மகனின் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்வது எமது மரபு. அம்மரபு ஒரு சட்ட வாக்கியத்தின் இணைப்புச் சொல்லோடு மோதும் என்று எந்தத் தாய் எதிர்பார்த்திருப்பாள்?

பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவையே. 1962 மார்ச் 2 ஆம் நாள் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். கடைகளும் ஆலைகளும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு சாட் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. கப்பல் கப்பலாக எம்மவர் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். சென்னையின் பர்மா பசாரும், தமிழகத்தின் பல ஊர்களிலுள்ள பர்மாக் குடியிருப்புகளும் அவர்கள் விட்டுச்சென்ற தடயங்கள். இந்திய எல்லையிலுள்ள மோரே என்னும் மணிப்பூர்ச் சிற்றூரில் இன்றும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்வதும் அந்த வரலாற்றின் தொடர்ச்சியே.

இங்கே சிலர் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். விரட்ட எண்ணிய அரசு இலக்கணம் பார்த்தா விரட்டியது, பத்திரம் வைத்திருந்தோரும் அல்லவா கடையை இழந்தனர் என்பர். இதில் உண்மை உண்டு. அரசுடைமையாக்கிய கைக்கு 11 ஆவது பிரிவின் வாசகம் ஒரு தடையாக இருக்கவில்லை. எனினும் அங்கேயே தங்கியோரின் கதை அத்துடன் முடியவில்லை. 1982 ஒக்டோபரில் வந்த புதிய பிரசாவுரிமைச் சட்டம் மக்களை முழுப் பிரசை, இணைப் பிரசை, இயல்புரிமைப் பிரசை என மூன்றாகப் பிரித்தது. அட்டைகளின் நிறமும் மூன்று: இளஞ்சிவப்பு, நீலம், பச்சை. இச்சட்டம் வந்த நாளில் ஏற்கெனவே பிரசையாக இருந்தவர் பிரசையே என்று 6 ஆவது பிரிவு கூறுகிறது. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர், தகுதிகள் பொருந்தினால் இணைப் பிரசையாகத் தீர்மானிக்கப்படலாம் என்கிறது 23 ஆவது பிரிவு. விண்ணப்பிக்காதவருக்கு 42 ஆவது பிரிவு எஞ்சியது. அதன் ஆங்கில வாசகத்தின்படி, 1948 ஜனவரி 4 க்கு முன் நாட்டினுள் நுழைந்து வசித்தோரும் அவர்தம் அங்கு பிறந்த பிள்ளைகளும், முடிவான சான்றுகளைக் காட்டி, இயல்புரிமைப் பிரசையாக விண்ணப்பிக்கலாம். ஆக, முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் ஒரு படிவத்தில் ஒப்பமிட்டாரா இல்லையா என்பதே அவருடைய பேரப்பிள்ளையின் அட்டை நிறம்வரை தொடர்ந்தது. அச்சட்டத்தின் 8 ஆவது பிரிவில் இன்னொரு வாசகம் உண்டு: பிறப்பால் பிரசையானவர் தவிர்ந்த எவருடைய பிரசாவுரிமையையும், 'ஓர்' இணைப் பிரசாவுரிமையையும், 'ஓர்' இயல்புரிமைப் பிரசாவுரிமையையும் அரசு மீளப் பெறலாம். முந்திய 'ஓர்' ஒரு மனிதனுக்குக் கதவைத் திறந்தது. இந்த 'ஓர்' அரசின் கைக்கு எல்லாக் கதவுகளின் திறப்பையும் கொடுத்தது. சொல் ஒன்றே, யாருக்குத் தெரிவு அளிக்கப்படுகிறது என்பதிலேயே வேறுபாடு.

அதே 1948 ஆம் ஆண்டில் இலங்கையில் நிறைவேறிய 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தையும் இதனோடு ஒப்புநோக்குவது தகும். இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், 'ஓர்', தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இலங்கைக்கு வெளியே பிறந்தவராயின் தந்தை மட்டும் போதாது, தந்தையும் பாட்டனாரும் வேண்டும், 'ஓர்' பாட்டனாரும் பூட்டனாரும் வேண்டும். இரு வழிகள் இருப்பதுபோலத் தோன்றும் இவ்வாக்கியத்தைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் ஒருவர் வாசித்திருந்தால் முதலில் மகிழ்ந்திருப்பார். தந்தையின் பிறப்புச் சான்றிதழைத் தேடப் போனபின் அம்மகிழ்ச்சி நீங்கியிருக்கும். காட்டுவதற்குப் பத்திரம் இல்லாதவருக்கு இரு வழிகளும் ஒருங்கே அடைபட்டவைதாம். மலையக மக்கள் பல இலட்சம் பேர் நாடற்றோராயினர். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே, 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்தவரையும், 'ஓர்', அவ்வாறு வாழ்ந்தவரின் வழிவந்து அங்கு வாழ்பவரையும் பிரசையாக ஏற்று அந்த முடிச்சைப் பெருமளவு அவிழ்த்தது.

இவை கடந்தகாலத்துச் செய்திகள் என்று எம்மவர் ஒதுக்கிவிடலாகாது. நாம் தஞ்சம் கோரும்போது எமக்குப் பொருந்தும் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயமும் இணைப்புச் சொற்களாலேயே கட்டப்பட்டுள்ளது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவின் உறுப்புரிமை, 'ஓர்' அரசியற் கருத்து ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற நன்கு ஆதாரமுள்ள அச்சம் வேண்டும் என்கிறது அது. ஐந்தில் ஒன்று போதும். ஐந்தையும் சேர்த்துக் காட்டினால்தான் வழக்குப் பலம்பெறும் என்று எவரோ சொன்னதைக் கேட்டு, தமக்கு இல்லாத அரசியலை இருப்பதாகச் சொல்லி, உள்ள உண்மையையும் கெடுத்துக்கொண்டோரை நாம் அறிவோம். அவர்கள் அந்த 'ஓர்' ஐ 'அண்ட்' ஆக வாசித்தவர்கள். அச்சமவாயத்தின் மூல வாசகத்தில் 1951 ஜனவரி 1 க்கு முந்திய நிகழ்வுகளின் விளைவாக என்னும் நிபந்தனையும் இருந்தது. அதனை அச்சத்தோடு பிணைத்தது ஓர் 'அண்ட்'. 1967 ஆம் ஆண்டின் நெறிமுறை அச்சொற்களை அந்த 'அண்ட்' உடன் சேர்த்து நீக்கியது. அது நீங்கியிராவிடின் எண்பத்துமூன்று ஆடிக்குப்பின் ஓடிய எவரும் அச்சமவாயத்தின் பொருளில் அகதி ஆகியிருக்க முடியாது.

படிவங்களுக்கு வருவோம். எமக்கு மிகுந்த கவலை தருவது இதுவே. எப்பொழுதாவது கைது செய்யப்பட்டீரா 'ஓர்' குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டீரா என்பது பல நாடுகளின் படிவங்களில் வரும் கேள்வி. சுற்றிவளைப்பில் பிடித்துச் செல்லப்பட்டு மறுநாள் விடப்பட்ட ஓர் இளைஞர் இதனை வாசிக்கிறார். நீதிமன்றம் போகவில்லை, தண்டனை இல்லை, ஆகவே 'இல்லை' என்று அடையாளமிடுகிறார். அவர் மனத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே கேள்வியாக, 'அண்ட்' கொண்டு இணைந்திருக்கின்றன. ஆனால் கேள்வி 'ஓர்' கொண்டு கேட்கப்பட்டது. கைது மட்டும் நிகழ்ந்திருந்தாலும் விடை 'ஆம்' என்பதே. பின்னர் நேர்காணலில் அதே இளைஞர் தாம் பிடிபட்டதை, அதுவே தமது அச்சத்தின் காரணமாதலால், விரிவாகச் சொல்கிறார். அலுவலர் படிவத்தைப் புரட்டுகிறார். உண்மை சொன்னவர் பொய்யர் ஆகிறார்.

எதிர்மறையோடு இச்சொற்கள் சேரும்போது சிக்கல் மேலும் கூடும். வேலை செய்யவோ படிக்கவோ கூடாது என்பதை ஆங்கிலத்தில் 'ஓர்' இட்டே சொல்வர். அது இரண்டும் கூடாது என்பதே தவிர, ஏதேனும் ஒன்றைச் செய்யலாம் என்பதன்று. 'அண்ட்' இட்டாலோ பொருளைப் பற்றி ஆங்கிலேயருக்கே சச்சரவு. 2024 மார்ச் மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் பல்சிபர் என்பவருடைய வழக்கில் இதையே ஆராய்ந்தது. குற்றவாளி ஒருவருக்குத் தண்டனைக் குறைப்புக் கிடைக்க வேண்டுமாயின் அவரிடம் இன்னது, இன்னது, 'அண்ட்' இன்னது இருத்தலாகாது என்று சட்டம் சொல்கிறது. மூன்றும் ஒருங்கே இருந்தால் மட்டுமே சலுகை இல்லையா, ஒன்று இருந்தாலே இல்லையா? ஒன்று இருந்தாலே இல்லை என்று ஆறு நீதியரசர்களும், மூன்றும் வேண்டும் என்று மூவரும் கருதினர். அச்சொல்லை நன்கறிந்த ஒன்பது பேர் ஆறுக்கு மூன்றாகப் பிளவுபட்டனர் என்றால், மாலை வேளையில் உணவகத்து வேலை முடித்துக் களைத்துவந்து படிவம் நிரப்பும் எம்மவர் தடுமாறுவதில் வியப்பில்லை.

தடுமாற்றத்தின் வேர் எமது மொழியின் இயல்பிலும் உண்டு. இதனைக் குறையாக நாம் சொல்லவில்லை. தமிழ் கருத்துகளை இணைக்கத் தனிச்சொல்லை அதிகம் நாடுவதில்லை. வினையெச்சமே அவ்வேலையைச் செய்துவிடும். 'உம்' என்னும் இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் எட்டுப் பொருள் கூறுகிறார். எண்ணுதல், எதிர்மறை, ஐயம், சிறப்பு யாவும் அந்த ஓர் அசையில் அடங்கும். கேட்பவர் இடம் நோக்கிப் பொருள் கொள்வார். ஆங்கிலம் அவ்வாறு விடாது. இணைக்கும் இடத்தில் காலமா, காரணமா, நோக்கமா, முரணா என்று ஒன்றைத் தெரிவு செய்தே ஆகவேண்டும்.

'செல் விழுந்து, வீடு உடைந்து, நாங்கள் வெளிக்கிட்டோம்' என்று ஒரு தாய் சொல்கிறாள். தமிழில் அங்கே காலமும் காரணமும் ஒன்றாகப் பின்னியுள்ளன. மொழிபெயர்ப்பாளர் 'ஆஃப்டர்' என்றால் அது காலம் மட்டுமே. வீடு உடைந்தபின் எப்பொழுதோ புறப்பட்டார்கள் என்று பதிவாகும். 'பிக்கோஸ்' என்றால் காரணம் பதிவாகும். வெறும் 'அண்ட்' என்றால் இரண்டும் அந்தரத்தில் நிற்கும். 'சின்ஸ்' என்றால் காலமாகவும் கொள்ளலாம், காரணமாகவும் கொள்ளலாம். ஆகவே அச்சொல்லை வாக்குமூலத்தில் தவிர்ப்பதே நல்லது என்பது எமது கருத்து.

'கொழும்புக்குப் போய்க் கடவுச்சீட்டு எடுத்தேன்' என்பது இன்னொன்று. பிடிக்கப்படுவோம் என்ற பயத்தில் கொழும்புக்கு ஓடியவர், அங்கே தங்கியிருந்த நாளில் ஒரு முகவர் மூலம் கடவுச்சீட்டுப் பெற்றதை இவ்வாறு சொல்வார். அதனைக் கடவுச்சீட்டு எடுக்கும் பொருட்டுக் கொழும்பு சென்றேன் என ஆங்கிலப்படுத்தினால், ஓட்டம் பிரயாணமாகிவிடும். தேடப்பட்டவர் எவ்வாறு அச்சமின்றிக் கடவுச்சீட்டுக் கந்தோருக்குச் சென்றார் என்ற கேள்வி அடுத்து வரும்.

'ஓல்தோ' என்னும் சொல் எந்தப் பக்கம் ஒட்டுகிறதோ அந்தப் பக்கத்தின் எடையைக் குறைத்துவிடும். விடுதலை செய்தார்கள், மீண்டும் தேடி வந்தார்கள் என்பன இரு உண்மைகள். விடுதலை செய்தபோதிலும் மீண்டும் தேடி வந்தார்கள் என்று இணைத்தால் ஆபத்து முன்னிற்கும். மீண்டும் தேடி வந்தபோதிலும் விடுதலை செய்திருந்தார்கள் என்று இணைத்தால் ஆபத்து நீங்கியவர்போல் தோன்றுவார். உண்மையில் ஒரு சொல்லும் மாறவில்லை, மாறியது மூட்டு மட்டுமே. எண்களிலும் இதே கதை. 'நாலைந்து பேர் வந்தார்கள்' என்னும்போது தமிழ் அங்கே ஓர் 'ஓர்' ஐ விழுங்கிவிடுகிறது. முதல் நேர்காணலில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நான்கு என்கிறார், இரண்டாம் நேர்காணலில் வேறொருவர் ஐந்து என்கிறார். முரண்பாடு எனக் குறிப்பெழுதப்படுகிறது. விண்ணப்பதாரர் இருமுறையும் சொன்னது ஒரே சொல்.

எனவே எமது சங்கங்கள் வார இறுதிகளில் நடத்தும் வளர்ந்தோர் ஆங்கில வகுப்புகளில் பாடத்திட்டத்தைச் சற்று மாற்றியமைக்குமாறு கேட்கிறோம். சந்தையில் மரக்கறி வாங்குவது, வைத்தியரிடம் நோய் சொல்வது என்பன தேவைதான். அவற்றைச் சைகையாலும் ஓரளவு சமாளிக்கலாம். இணைப்புச் சொற்களைச் சைகையால் சமாளிக்க முடியாது. வெற்றுப் படிவங்களையே பாடநூலாக எடுத்து, ஒவ்வொரு கேள்வியிலும் உள்ள 'அண்ட்', 'ஓர்' ஆகியவற்றைச் சிவப்பு மையால் வட்டமிடச் செய்து, இக்கேள்விக்கு 'ஆம்' என்று சொல்ல எத்தனை காரியம் நிகழ்ந்திருக்க வேண்டும் என்று வினவுவதே சிறந்த பயிற்சி. இதற்குப் பட்டதாரி ஆசிரியர் தேவையில்லை. இங்கு பிறந்து வளர்ந்த, உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் தம் பெற்றோருக்கு இதனைச் செய்யலாம். பிள்ளைகளுக்கும் தமிழ் வினையெச்சத்தின் அருமை அதனால் புரியக்கூடும்.

எம்மிடையே மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். விண்ணப்பதாரரின் தமிழில் காலமா காரணமா எனத் தெளிவில்லாத இடத்தில் நீங்களாக ஒன்றைத் தெரிவு செய்யாதீர்கள். அலுவலரிடம் அனுமதி பெற்று, 'அதனால் போனீர்களா, அதற்குப் பிறகு போனீர்களா' என்று திருப்பிக் கேளுங்கள். 'நாலைந்து' என்று அவர் சொன்னால் அதனை நான்கு 'ஓர்' ஐந்து என்றே சொல்லுங்கள், நேரம் மிச்சம் என்று ஒன்றை விழுங்கவேண்டாம். விண்ணப்பதாரரும், ஒப்பமிடுமுன் வாக்குமூலத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும்படி கேட்கத் தயங்கலாகாது. வாசிக்கும்போது நிகழ்ச்சிகள் சரியா என்று மட்டும் தலையாட்டாமல், இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடையில் என்ன சொல் நிற்கிறது என்று கேட்க வேண்டும். அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தாலும் பரவாயில்லை. திருத்தம் இருந்தால் அதை அந்த இடத்திலேயே எழுதுவித்து, பக்கத்தின் ஓரத்தில் ஒப்பமிட்டு, பிரதி ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டே எழுந்திருக்க வேண்டும்.